மூன்றில் ஒரு பங்கு

ஒரு பேரம் சொல்கிறேன். உங்களுக்குச் சம்மதமா பாருங்கள்.

நீங்கள் ஒரு பட்டறை வைத்திருக்கிறீர்கள். மாசா மாசம் வருகிற கரன்ட் பில்லைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. நான் வந்து நிற்கிறேன். ‘சார், இந்தப் பழைய மெஷினைத் தூக்கிக் காயலான் கடையில போடுங்க. நான் சொல்ற மெஷினை வாங்கி வைங்க. என் யோசனைக்கு ஃபீஸ் ஒரு பைசா வேண்டாம். பில்லில் எவ்வளவு குறையுதோ, அதில் ரெண்டு பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு எனக்கு. குறையவே இல்லையா, எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்’ என்கிறேன்.

கசக்குமா? காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பீர்கள்.

நாலு வருஷம் கழித்து அதே என்னைப் பார்த்து, ‘வந்துட்டான்யா வசூலுக்கு’ என்று முணுமுணுப்பீர்கள். பதினைந்தாவது வருஷம் கோர்ட்டில் சந்திப்போம்.

சேச்சே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்கிறீர்களா? இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பிரதேசம். அங்கே சுரங்கம் வைத்திருந்தவர்களும் 1777ல் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர்களிடம் இந்தப் பேரத்தைப் பேசியவர்கள் ஜேம்ஸ் வாட், மேத்யூ போல்டன் என்று இரண்டு பேர். சிறுதொழில்காரர் எரிபொருளைச் சேமிக்க வேண்டுமானால் யார் காசு போடுவது, சேமித்த காசை யார் எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கு வங்கிகள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன அல்லவா? அந்தத் தலைவலி 250 வருஷப் பழசு. அது பிறந்த வீடு இந்தக் கார்ன்வால்.

கார்ன்வாலில் பூமிக்கடியில் தகரம் இருந்தது, செம்பு இருந்தது. கூடவே தண்ணீரும் இருந்தது. ஆழமாகத் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கம் கிணறாகிவிடும். இறைப்பதற்கு நீராவி எஞ்சின் இருந்தது. 1712லேயே தாமஸ் நியூகமன் செய்து காட்டிவிட்டார். பிரச்னை என்னவென்றால், அந்த எஞ்சின் நிலக்கரியை அள்ளி அள்ளித் தின்னும். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. கடல் தாண்டி வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். சுரங்கக்காரர்கள் புலம்பிய புலம்பலில், எஞ்சினுக்கு வாங்குகிற நிலக்கரி மீதான வரியைத் திருப்பிக் கொடுக்க 1741ல் பார்லிமென்ட் சட்டமே போட்டது. எரிபொருள் மானியம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நியூகமன் எஞ்சின் ஏன் அப்படித் தின்றது? தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோசை எடுத்ததும் கல்லில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஜில்லென்று ஆக்குகிறீர்கள். அடுத்த தோசைக்கு மறுபடி முதலிலிருந்து சூடாக்குகிறீர்கள். விறகு என்ன ஆகும்? அதேதான். நியூகமன் எஞ்சினில் உருளைக்குள் நீராவியை விட்டு, அதே உருளைக்குள் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து நீராவியை ஒடுங்க வைப்பார்கள். உள்ளே வெற்றிடம். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனை உள்ளே தள்ளும். பம்பு ஒரு இழுப்பு இழுக்கும். அடுத்த இழுப்புக்குள் உருளை ஆறிப்போயிருக்கும். திரும்பவும் சூடாக்கு.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கருவிகள் செய்து தந்துகொண்டிருந்தவர் ஜேம்ஸ் வாட். கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதை விடுங்கள். பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகமன் எஞ்சின் மாதிரி ஒன்று ரிப்பேருக்கு வந்தது. அதை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்த தோசைக்கல் சமாசாரம் அவருக்கு உறுத்தியது. 1765ல் விடை கிடைத்தது. நீராவியை வேறொரு பாத்திரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அங்கே குளிர வைத்தால் என்ன? உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஐடியா ரெடி. காசு?

ஜான் ரோபக் என்கிற தொழிலதிபர் வாட்டின் கடன்களை ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். 1769ல் காப்புரிமை கிடைத்தது. எஞ்சின் ஒழுங்காக ஓடுவதற்குள் ரோபக் வேறு தொழில்களில் கையைச் சுட்டுக்கொண்டு, 1773ல் திவாலாகிவிட்டார். கடன் கொடுத்தவர்கள் அவரது சொத்துக்களைப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் வாட் எஞ்சின் பங்கும் இருந்தது. அதற்கு ஒரு ஃபார்திங்கூட மதிப்பில்லை என்று ஒதுக்கிவிட்டார்களாம். ஃபார்திங் என்பது நம் ஊர் செல்லாக்காசு மாதிரி. ரோபக் தனக்குத் தர வேண்டிய 1,200 பவுண்டைத் தள்ளுபடி செய்துவிட்டு அந்தப் பங்கை வாங்கிக்கொண்டார் ஒருவர். பர்மிங்ஹாமில் சோஹோ தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்த மேத்யூ போல்டன்.

பி.காம். படித்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எரிபொருளைச் சேமிக்கிற ஒரு பொருளுக்குக் கடன்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் போட்ட முதல் மதிப்பு, பூஜ்யம். இன்றைக்கும் அந்த மனோபாவம் மாறிவிடவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

1775ல் போல்டன் பார்லிமென்ட்டைப் பிடித்து, காப்புரிமையை 1800 வரை நீட்டிக்கொண்டார். ஜான் வில்கின்சன் என்பவர் பீரங்கி துளைக்கிற மெஷினை வைத்து உருளைகளைத் துல்லியமாகக் குடைந்து தந்தார். எஞ்சின் ஓட ஆரம்பித்தது. 1777ல் கார்ன்வாலில் இறங்கினார்கள்.

அங்கே சுரங்கம் நடத்தியவர்கள் கோடீஸ்வரக் கம்பெனிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு பேர், பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஆளுக்கொரு பங்கு போட்டு நடத்துவார்கள். ‘அட்வென்ச்சரர்ஸ்’ என்று பேர். துணிந்து இறங்குகிறவர்கள்! ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு கணக்கு நோட்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை கூடுவார்கள், கணக்குப் பார்ப்பார்கள், வயிறாரச் சாப்பிடுவார்கள். லாபம் இருந்தால் அங்கேயே பிரித்துக்கொள்வார்கள். நஷ்டமா, ஆளுக்கு இவ்வளவு என்று பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். நாளைக்கு மெஷின் மாற்ற வேண்டியிருக்கும், கொஞ்சம் ஒதுக்கி வைப்போம் என்கிற பேச்சே கிடையாது. தேய்மானம் என்று ஒரு கணக்கு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. பங்குதாரர்களில் பலர் அதே சுரங்கத்துக்குச் சரக்கு சப்ளை செய்கிற வியாபாரிகள். கயிறு, மெழுகுவர்த்தி, மரம், நிலக்கரி. சுரங்கத்துக்கு லாபம் வருகிறதோ இல்லையோ, இவருக்குச் சரக்கு விற்ற லாபம் வந்துவிடும். நிலக்கரி விற்கிறவரிடம் போய் ‘நிலக்கரியை மிச்சம் பிடிக்கலாம்’ என்றால் அவர் முகம் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

இவர்களிடம் ஒட்டுமொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கேட்டால் கதை நடக்காது என்று போல்டனுக்கும் வாட்டுக்கும் புரிந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பேரம். எஞ்சினுக்கான இரும்பு, கட்டடம், கூலி எல்லாம் சுரங்கத்தின் செலவு. வரைபடமும், முக்கியமான சில பாகங்களும், நிறுவித் தருகிற ஆளும் போல்டன்-வாட் தரப்பிலிருந்து. உரிமைத் தொகை மட்டும் முன்பணமாகக் கிடையாது. அதே வேலையைப் பழைய எஞ்சின் செய்திருந்தால் எவ்வளவு நிலக்கரி எரிந்திருக்குமோ, அதிலிருந்து இப்போது எரிவதைக் கழி. மிச்சமானதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடு.

‘செய்திருந்தால்’ என்கிற வார்த்தையைக் கவனித்தீர்களா? நடக்காத ஒன்றுக்குக் கணக்கு எழுத வேண்டும். பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டாயிற்று. அது இன்றைக்கு எவ்வளவு தின்றிருக்கும் என்று யாரைக் கேட்பது?

வாட் சளைக்கவில்லை. 1778ல் போல்டைஸ் என்ற சுரங்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய மாடல் எஞ்சின்களைச் சோதித்தார்கள். ஒரு புஷல் நிலக்கரி, அதாவது சுமார் 40 கிலோ எரித்தால், எத்தனை பவுண்டு தண்ணீரை ஒரு அடி உயரம் தூக்குகிறது? சுமார் 70 லட்சம். இதுதான் இனி பழைய எஞ்சினுக்கு அளவுகோல் என்று வைத்துக்கொண்டார்கள். புது எஞ்சினின் உத்திரத்தில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். எஞ்சின் ஒவ்வொரு முறை ஆடும்போதும் உள்ளே பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்து எண்ணிக்கொள்ளும். பெட்டிக்குப் பூட்டு உண்டு. எத்தனை இழுப்பு, ஒரு இழுப்புக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆழத்திலிருந்து... பெருக்கினால் செய்த வேலை தெரிந்துவிடும். வாட் இதற்கென்று உட்கார்ந்து அட்டவணைகள் போட்டார். என் பார்வையில் தனிக் குளிர்கலனுக்கு அடுத்தபடியாக அந்த மனிதர் செய்த பெரிய காரியம் இந்தப் பூட்டுப் பெட்டிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வாட்டின் நல்ல எஞ்சின் ஒன்று, ஒரு புஷலுக்கு 2 கோடி பவுண்டு தூக்கியது. பழையது 70 லட்சம். ஆக, பழைய எஞ்சினில் 100 புஷல் எரிந்த வேலைக்குப் புதியதில் 35 போதும். மிச்சம் 65. அதில் மூன்றில் ஒன்று, சுமார் 22, வாட்டுக்கு. சுரங்கத்தின் மொத்தச் செலவு 35ம் 22ம் சேர்த்து 57. நூறு போன இடத்தில் 57 போகிறது. யாருக்குக் கசக்கும்? 1783 வாக்கில் கார்ன்வாலில் பழைய எஞ்சின் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது என்பார்கள். அவ்வளவு வேகமாக மாறினார்கள்.

மாறிய கையோடு மனசும் மாறியது.

முதல் வருஷம் அந்த நூறு ஞாபகத்தில் இருக்கும். அஞ்சாவது வருஷம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? நிலக்கரிக்காரன் பில் வரும். பக்கத்திலேயே பர்மிங்ஹாமிலிருந்து ஒரு பில் வரும். ‘இந்த ஆள் நிலக்கரியும் தரலை, கூலியும் தரலை. எதுக்கு நாம காசு தரணும்?’ சுரங்கம் ஆழமாகப் போகப் போக எஞ்சின் அதிகம் ஓடும். அதிகம் ஓடினால் ‘சேமிப்பு’ அதிகம், வாட்டின் பங்கும் அதிகம். நிலக்கரிச் செலவும் கூடுகிறது, சேமிப்புக்கான கட்டணமும் கூடுகிறது என்றால், சாதாரண மனுஷன் எதை நம்புவான்? ‘என்னய்யா சேமிப்பு இது?’

இதே சமயத்தில் வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவில் பேரிஸ் மலையிலிருந்து மலிவான செம்பு சந்தையில் வந்து குவிந்தது. விலை விழுந்தது. கார்ன்வால் சுரங்கங்கள் தள்ளாடின. சிலவற்றுக்குப் பங்குத்தொகையைக் குறைக்க வேண்டி வந்தது. மாதாமாதம் அளந்து சண்டை போடுவதை விட்டுவிட்டுப் பல சுரங்கங்களோடு ‘வருஷத்துக்கு இவ்வளவு’ என்று மொத்தமாகப் பேசி முடித்தார்கள். சேமிப்பின் பங்கு இப்படியாக வாடகை ஆயிற்று. போல்டனும் வாட்டும் சில சுரங்கங்களில் தாங்களே பங்கு வாங்கி உள்ளே உட்கார்ந்தார்கள். வாங்குகிறவர் தொழிலைத் தாங்கிப் பிடித்தால்தான் விற்றவருக்குக் காசு வரும் என்ற நிலைமை.

இந்தப் பக்கம் போல்டன் கடனில் முங்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஒப்பந்தங்களிலிருந்து வரப்போகிற வருமானத்தைக் காட்டி வங்கிக்காரர்களிடம் வாங்கிய கடன். வாட்டுக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. இயல்பிலேயே கவலைப்படுகிற மனிதர், தீராத தலைவலிக்காரர் வேறு.

கார்ன்வாலில் இவர்களுடைய ஆளாக ரெட்ரூத் ஊரில் இருந்தவர் வில்லியம் மர்டாக். எஞ்சின் நிறுவுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் இவர் தலையில். மிரட்ட வந்த சில சுரங்க அதிகாரிகளை எஞ்சின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திக் கைகலப்பிலேயே வழிக்குக் கொண்டுவந்தார், அப்புறம் எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நிஜமான அடி 1790களில் விழுந்தது. போல்டன்-வாட்டுக்காக எஞ்சின் நிறுவிக்கொண்டிருந்த எட்வர்ட் புல், பிரிந்து போய்த் தானே எஞ்சின் செய்ய ஆரம்பித்தார். உருளையைத் தலைகீழாகச் சுரங்க வாய்க்கு நேர் மேலே வைத்தார். தனிக் குளிர்கலன் மட்டும் வாட்டுடையது. ஜொனாதன் ஹார்ன்பிளோயர் என்ற உள்ளூர்க்காரர் இரட்டை உருளை எஞ்சினோடு நின்றார். இப்போது சுரங்கக்காரரின் மனக்கணக்கைப் பாருங்கள். முன்பு 57ஐ 100 உடன் ஒப்பிட்டார், சிரித்தார். இப்போது பக்கத்துச் சுரங்கத்தில் புல் எஞ்சின், ஏறக்குறைய அதே நிலக்கரி, வாட்டுக்குப் பங்கு இல்லை. 57ஐ 35 உடன் ஒப்பிடுகிறார். சிரிப்பு போய்விட்டது. அளவுகோல் மாறிவிட்டது, அவ்வளவுதான். பூட்டுப் பெட்டி என்ன எண்ணினால் என்ன?

பணம் தருவதை நிறுத்தினார்கள். 1793ல் புல் மீது வழக்கு. பிறகு ஹார்ன்பிளோயர் மீது வழக்கு. வழக்கு முடிகிற வரை ஒரு பைசா கிடையாது என்று சுரங்கங்கள் கையை விரித்தன. 1799ல் தீர்ப்பு போல்டன்-வாட்டுக்குச் சாதகமாக வந்தது. பாக்கியை விரட்டி விரட்டி, பேரம் பேசி வசூலித்தார்கள். அடுத்த வருஷமே காப்புரிமை காலாவதி.

யார் பக்கம் நியாயம்? ஒப்பந்தப்படி வாட் பக்கம். ஆனால், அந்த 25 வருஷத்தில் தன்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்களையும் காப்புரிமையைக் காட்டி அவர் முடக்கினார் என்பதும் உண்மை. சுரங்கக்காரர்கள் நன்றிகெட்டவர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். 1800க்குப் பிறகு போல்டன்-வாட் ஆட்கள் கார்ன்வாலிலிருந்து கிளம்பிப் போனார்கள். அளக்க ஆள் இல்லை. அளக்காவிட்டால் என்ன ஆகும்? எஞ்சின்கள் மோசமாகின. நிலக்கரிச் செலவு ஏறியது. 1811ல் ஜோயல் லீன் என்ற சுரங்க அதிகாரியும் சில சுரங்கக்காரர்களும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு மாதமும் எல்லா எஞ்சின்களையும் ஒருவர் போய் அளக்க வேண்டும். எந்தச் சுரங்கம், எந்த எஞ்சின், யார் பொறியாளர், எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு வேலை என்று அச்சடித்துச் சுற்றுக்கு விட வேண்டும். அதே பூட்டுப் பெட்டிதான். இம்முறை யாரும் பங்கு கேட்கவில்லை. எண்கள் ஊருக்கே தெரிந்தன.

பரீட்சை ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மாதிரி ஆயிற்று. தன் எஞ்சின் கடைசியில் இருக்கிறதென்றால் பொறியாளருக்குத் தூக்கம் வருமா? 1811ல் சராசரி 2 கோடிக்கும் கீழே இருந்தது. 1840களில் 6 கோடியைத் தாண்டியது. 1835ல் ஃபோவே கன்சோல்ஸ் சுரங்கத்தில் ஒரு சோதனையில் 12.5 கோடி வரை போனது. ரிச்சர்ட் டிரெவிதிக் கொண்டுவந்த உயர் அழுத்த நீராவிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால், எது நல்லது என்று எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தது அந்த மாதாந்திரக் காகிதம். லீன் 1812லேயே இறந்துவிட்டார். அவர் மகன்கள் தொடர்ந்தார்கள்.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வாட்டின் பேரம் அமெரிக்காவில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ‘எஸ்கோ’ என்று பெயர். எரிசக்திச் சேவை நிறுவனம். நான் முதல் போட்டு உன் கட்டடத்தை மாற்றித் தருகிறேன், சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வாட் செய்யாத ஒன்றை, அதாவது மெஷினுக்கான முதலையும் தானே போடுவதை, இவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இந்தியாவில் 2001ல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம். அடுத்த வருஷம் பி.இ.இ. என்கிற எரிசக்தித் திறன் அமைப்பு. உங்கள் ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிறதே, அதேதான். தெருவிளக்கு, பெரிய கட்டடம் இவற்றிலெல்லாம் எஸ்கோ ஓரளவு ஓடுகிறது. சின்னப் பட்டறைக்குள் நுழையும்போதுதான் தடுக்கி விழுகிறது.

ஏன்? ஒரு கணக்கு. பத்து குதிரைச் சக்தி மோட்டார். நாலு தடவை காயில் கட்டிய கிழ மோட்டார். தினம் பத்து மணி நேரம், வருஷம் 300 நாள் முழு லோடில் ஓடினால் சுமார் 25,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2 லட்சம். மோட்டார் விலையைவிட அது வருஷா வருஷம் தின்கிற கரன்ட் பல மடங்கு. திறன் மூன்று சதவிகிதம் கூடின புது மோட்டார் போட்டால் 800 யூனிட் மிச்சம். ஆறாயிரத்துச் சொச்சம். நல்ல காசுதான். ஆனால், இதில் மூன்றில் ஒரு பங்குக்காக ஒரு எஸ்கோக்காரர் கருவியோடு வந்து அளந்து, ஒப்பந்தம் எழுதி, மாசா மாசம் சரிபார்த்து... பெட்ரோல் செலவுக்குக் காணாது. வாட் அளந்தது பெரிய எஞ்சின்களை. அளக்கிற செலவு அதில் கரைந்துவிட்டது.

வங்கிக்குப் போனால்? மேனேஜர் அடமானம் கேட்பார். லேத் மெஷினை ஜப்தி செய்யலாம். ஃபர்னஸைச் சுற்றிப் போட்ட வெப்பக் காப்பைப் பிய்த்து ஏலம் விடமுடியுமா? சேமிப்பு என்பது வராத பில். வராத பில்லை எந்த வங்கி லாக்கரில் வைக்கும்? ரோபக்கின் கடன்காரர்கள் ஒரு ஃபார்திங் என்றுகூட மதிக்காததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. இதை உடைக்கத்தான் உலக வங்கி உதவியோடு 2015ல் சிட்பி மூலமாக ஒரு ஏற்பாடு வந்தது. எஸ்கோ திட்டத்துக்கு வங்கி கொடுத்த கடன் வராமல் போனால் நஷ்டத்தில் ஒரு பகுதியை அந்த நிதி தாங்கிக்கொள்ளும்.

2025ல் பி.இ.இ. இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. ‘அடீட்டி’ என்று பெயர். எரிசக்தி சேமிக்கிற மெஷின் வாங்கச் சிறுதொழில்காரர் கடன் வாங்கினால் வட்டியில் அரசு ஒரு பங்கு போடும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவிகிதம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவிகிதம். நிபந்தனை, குறைந்தது 10 சதவிகித எரிசக்தியாவது மிச்சமாக வேண்டும்.

நல்ல திட்டம்தான். எனக்கு ஆட்சேபணை இல்லை. கண் போய் நிற்பது அந்தப் பத்து சதவிகிதத்தில். எதில் பத்து? போன வருஷ பில்லிலா? போன வருஷம் ஆர்டர் இல்லாமல் ஆறு மாசம் ஒரே ஷிப்ட் ஓடியது. இந்த வருஷம் ரெண்டு ஷிப்ட். பில் கூடத்தான் செய்யும், புது மெஷின் போட்டும். ஒரு கிலோ வார்ப்புக்கு இத்தனை யூனிட், ஒரு மீட்டர் துணிக்கு இத்தனை யூனிட் என்று பார்த்தால்தான் சேமிப்பு கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பட்டறைக்காரர் தினம் எத்தனை கிலோ, எத்தனை யூனிட் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் நாலு பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஃபர்னஸ், கம்ப்ரஸர், லேத், முதலாளி அறை ஏ.சி., வாசலில் எரிகிற சாமி விளக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வாசலில் ஒரே ஒரு மீட்டர். ஃபர்னஸுக்கென்று தனியாக ஒரு மீட்டர் வைக்க ஆகிற செலவு, சில ஆயிரம் ரூபாய்.